145 மீட்டர் தள்ளி நின்று எய்வது தற்காப்புக் கலையா?

2 மார்ச் 2024, கேள்வி

இந்த இழையில கொரியத் தற்காப்புக் கலைகள்னு பேச ஆரம்பிச்சு, கொரியாவுல இருக்கிற அக்கா தான் பழகுற வில்வித்தையையும் அதுல சேர்த்துட்டாங்க. டேக்வாண்டோ, ஹப்கிடோ, பழைய உதைக்கலையான தேக்கியோன், சிரும் மல்யுத்தம் வரைக்கும் ஒத்துக்கிறேன். ஆனா 145 மீட்டர் தள்ளி, ஆடாம அசையாம நிக்கிற பலகைமேல அம்பு விடறது எப்படித் தற்காப்பு ஆகும்? எதிர்ல ஆளே இல்லையே. ஒலிம்பிக் விளையாட்டுன்னு சொல்லுங்க, பேசாம இருந்துடறேன். எட்டு வருஷம் டேக்வாண்டோ பழகின ஆள் கேக்கிறேன்.

2 மார்ச், இரவு 11 மணி

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்ப்பது யாங்குங், அதாவது மேல்நாட்டு வில். நான் பழகுவது குக்குங், நாட்டு வில். கொரியர்களே இரண்டையும் ஒன்றாகச் சொல்ல மாட்டார்கள். யாங்குங்கில் குறிபார்க்கக் கருவி உண்டு, அதிர்வைத் தாங்கத் தண்டு உண்டு. 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் வட்டம், நடுவில் பட்டால் 10 புள்ளி. குக்குங்கில் வில், நாண், அம்பு, கட்டை விரலில் ஒரு வளையம், அவ்வளவுதான். தூரம் 145 மீட்டர். பலகை 2 மீட்டர் அகலம், 2.67 மீட்டர் உயரம், 15 டிகிரி பின்னால் சாய்ந்து நிற்கும். அதில் எங்கே பட்டாலும் பட்டதுதான். மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்தத் தூரமும் மைதானத்துக்குத் தோதாக யாரோ வைத்ததில்லை. ஜோசொன் அரச வம்சக் காலத்துப் படைத்தேர்வில் இலை வடிவ முனை கொண்ட அம்பை 120 தப்படிக்கு எய்ய வேண்டும். இன்றைய 145 அதன் வழி வந்தது. தற்காப்பு என்ற சொல் உங்களுக்கு இடித்தால் போர்க்கலை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். விளையாட்டு மட்டும்தான் என்றால் சம்மதமில்லை.

நான் கொரியாவில், டேஜோன் நகரில் நாலாவது வருஷம். வில்லைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

3 மார்ச்

நேற்று எழுதியதில் உங்கள் பக்கத்துக்குச் சாதகமான ஒன்றை விட்டுவிட்டேன். மறைத்ததாக இருக்கக் கூடாது.

மன்னர் ஜொங்ஜோ உத்தரவில் 1790-ல் தொகுத்த போர்க்கலைக் கையேடு ஒன்று உண்டு, 'முயே தோபோ தொங்ஜி'. கொரியத் தற்காப்புக் கலைஞர்கள் எல்லோரும் வேர் தேடிப் போகிற இடம் அது. 24 கலைகள் அதில் இருக்கின்றன. ஈட்டி, வாள், கேடயம், வெறுங்கை, குதிரைமேல் செய்யும் வித்தைகள். வில் இல்லை.

முதலில் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. காரணம் தெரிந்தபோது அதுவே என் பக்கத்து வாதமாகிவிட்டது. 1592-ல் ஜப்பானியப் படை வந்து இறங்கியபோது கொரியப் படையின் பலம் பெரும்பாலும் வில்லில் இருந்தது. நெருங்கி வந்து வாளால் வெட்டுகிறவனுக்கு எதிராகச் செய்ய ஒன்றும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1598-ல் ஆறு ஆயுதங்களோடு முதல் கையேடு வந்தது. அது 18 ஆகி, 24 ஆனது. தினமும் சோறு வடிக்கிற வீட்டில் சமையல் குறிப்பு நோட்டைத் திறந்தால் சோறு வடிப்பது எப்படி என்று எழுதியிருக்காது. தெரியாததைத்தான் எழுதி வைப்பார்கள். வில் அவர்களுக்குச் சோறு.

அந்த ஜொங்ஜோவே பெரிய வில்லாளி. 50 அம்பில் 49 பட்டதாகப் பதிவு இருக்கிறது, அதுவும் ஒரு தடவை அல்ல.

3 மார்ச், மாலை

இன்னொன்று. தேக்கியோனை ஒத்துக்கொள்கிறேன் என்றீர்கள். சொங் தொக்-கி பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1893-ல் பிறந்து 1987-ல் மறைந்தவர், அந்தக் கலை அறுந்து போகாமல் கடைசிக் கண்ணியாக நின்றவர். 1983-ல் தேக்கியோன் நாட்டின் மரபுச் சொத்துப் பட்டியலில் 76-வதாகச் சேர்ந்தபோது அதன் காப்பாளர்களில் ஒருவர். 2011-ல் யுனெஸ்கோ ஏற்றது வரை எல்லாம் அவர் உடம்பில் மிச்சமிருந்த அசைவுகளிலிருந்து வந்ததுதான்.

அவர் தலைநகர் சோலில் (சியோல்) சாஜிக்-தோங் பகுதி ஆள். அங்கிருக்கும் ஹ்வாங்ஹாக்ஜொங் வில்மண்டபத்தில் வில் எய்தவர். உதையும் வில்லும் அந்த மனிதருக்குள் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

10 மார்ச்

'அக்கா, வில் வாங்கின அன்னிக்கே எய்யலாமா' என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முடியாது. எனக்கு ஏழு வாரம் ஆனது. முதலில் அம்பில்லாத வெறும் வில்லை இழுத்து, நிறுத்தி, மெதுவாகத் திரும்ப விட வேண்டும். அம்பு இல்லாமல் நாணைப் படக்கென்று விட்டால் வில் கெட்டுவிடும், அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பாதம் எப்படி வைப்பது என்பதற்குச் சீன எழுத்தை வைத்து ஒரு விளக்கம். '丁' போலவும் அல்ல, '八' போலவும் அல்ல, இரண்டுக்கும் நடுவில். நெஞ்சு காலியாக, வயிறு நிறைந்திருக்க வேண்டும். அப்புறம் ஜுசால், அதாவது கயிற்றில் கட்டிய அம்பு. எய்தால் கொஞ்ச தூரம் போய்க் கயிற்றிலேயே தொங்கும். அதன் பிறகுதான் பலகையைப் பார்த்து நிற்கும் கோட்டுக்கு அழைப்பார்கள்.

நாணை இழுப்பது விரல்களால் அல்ல, கட்டை விரலால். விரலில் கக்ஜி என்ற வளையம். கொம்பில் செய்தது, இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. கட்டை விரலை நாணில் கொக்கிபோல் மாட்டி, சுட்டுவிரலை அதன் நகத்தின் மேல் அழுத்திப் பூட்ட வேண்டும். அம்பு வில்லின் வலப்பக்கம் உட்காரும். கையை லேசாக உள்ளே முறுக்கினால்தான் அது விழாமல் நிற்கும். காதுக்குப் பின்னால் வரை இழுக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் என் முகம் ஒரு நூலிழை முன்னால் வந்துவிட்டது. நாண் வலது காதை அடித்துக்கொண்டு போனது. கத்தவில்லை, சத்தமே வரவில்லை. காது மடல் விளிம்பு இரண்டு வாரம் கறுத்திருந்தது. பயிற்சி தந்த பெரியவர் காதைப் பார்த்துவிட்டு 'கன்னத்தை ஒட்டி வை' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு வீட்டுக்கும் அனுப்பவில்லை. எதிரே ஆள் இல்லை என்றீர்களே தம்பி, அடி விழாத கலை என்று நினைத்துவிட வேண்டாம்.

11 மார்ச்

ஆமாம், ஏகலைவனை நானும் நினைத்தேன். மூன்று பேர் ஒரே நாளில் கேட்டிருக்கிறீர்கள்.

சின்ன வயதில் அந்தக் கதை எனக்குப் பிடிபடவே இல்லை. விளையாட்டுப் போட்டியில் மூன்று விரலால் நாணை இழுக்கிறார்கள், கட்டை விரல் சும்மாதானே மடங்கிக் கிடக்கிறது, அதைக் கேட்டு வாங்கி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். கக்ஜி மாட்டி ஒரு மாதம் பழகிய பிறகுதான் உறைத்தது. மங்கோலியர், துருக்கியர், பாரசீகர், கொரியர் எல்லோரும் இழுத்தது கட்டை விரலால்தான். அது போனால் வில்லே போனது. எனக்கு மூட்டு வீங்கி அரிசி கழுவக்கூட முடியாத அன்றைக்கு அந்தப் பையனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

24 மார்ச்

இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் ஏழு பேர் வரிசையாக நிற்போம். ஆளுக்கு ஐந்து அம்பு, இடுப்பில் கட்டிய துணிக் கச்சையில் செருகியிருக்கும். ஒருவர் ஒரு அம்பு, அடுத்தவர் ஒரு அம்பு என்று முறை வந்துகொண்டே இருக்கும். ஐந்தும் முடிந்தால் ஒரு சுற்று. கோட்டில் நின்றபின் பேச்சு கிடையாது. பட்டாலும் 'ஆகா' இல்லை, தவறினாலும் 'அடடா' இல்லை.

ஆனால் அன்றைய முதல் அம்பை எய்யும்முன் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'ஹ்வல் பேவும்நிதா.' வில் கற்கிறேன். மற்றவர்கள் 'மானி மச்சுசேயோ' என்பார்கள். நிறையப் படட்டும்.

முதல் நாள் நான் சொன்னபோது அது எனக்குப் பொருந்தியது, புதியவள்தானே. எனக்குப் பக்கத்தில் நின்றவர் 81 வயதுக்காரர். நாற்பது வருஷத்துக்கு மேலாக எய்கிறவர். அவரும் குனிந்து, அதே குரலில், 'வில் கற்கிறேன்' என்றார். நான் பதில் சொல்ல மறந்து நின்றேன். இடப்பக்கம் நின்ற அம்மா என் முழங்கையைத் தொட்டார். பிறகுதான் 'நிறையப் படட்டும்' என்று சொன்னேன்.

தம்பி, உங்கள் டோஜாங்கில், அதாவது டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்தில், கறுப்புப் பட்டைக்காரர் வெள்ளைப் பட்டைக்காரரிடம் தினமும் இப்படிச் சொல்வதுண்டா? குத்திக்காட்ட அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

25 மார்ச்

பதிலுக்கு நன்றி, தம்பி. உங்கள் கூடத்தில் பயிற்சி முடிந்ததும் மூத்தவர் முதல் இளையவர் வரை திரும்பித் திரும்பி வணங்குவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறந்துவிட்டேன், அதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிலம்பம் ஆடுகிற அண்ணன் சொன்னதும் சரி. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கம்பெடுப்பதில் ஆசானுக்கும் விலக்கில்லை.

19 மே

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, ஆய்வுக்கூட வேலை. அதற்குள் இழை 'எது பழசு' என்று போய்விட்டது. 'டேக்வாண்டோ 2000 வருஷப் பழமை' என்று ஒருவர், 'கராத்தேயின் நகல்' என்று ஒருவர். இரண்டு பேரும் கோபமாக இருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்தவரை டேக்வாண்டோ என்ற பெயர் 1955-ல் வைத்தது. அதற்கு முன் தனித்தனிப் பயிற்சிக்கூடங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 1944-ல் சோலில் சொங்தோக்வான் தொடங்கிய லீ வொன்-குக் ஜப்பானில் ஷோட்டோகான் கராத்தே கற்றவர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தக் கூடங்களை ஒன்றாகக் கட்டி, கையைக் குறைத்துக் காலை வளர்த்து, 1972-ல் தலைமைக்கூடமான குக்கிவொனைக் கட்டி, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகக் கொண்டுபோய் நிறுத்தியது கொரியர்கள்தான். கராத்தேக்காரர் ஒருவரை இன்றைய டேக்வாண்டோ களத்தில் இறக்கிப் பாருங்கள், அது எவ்வளவு வேறானது என்று தெரியும். வளர்த்தவளும் அம்மாதான்.

வில்லுக்கு வம்சாவளி சுத்தம் என்று நான் மார் தட்டப்போவதில்லை. 1894-ல் படைத்தேர்வையே நிறுத்திவிட்டார்கள், வில்லுக்குப் படையில் வேலை முடிந்தது. மன்னர் கோஜொங் 1898-ல் அரண்மனை வளாகத்தில் ஹ்வாங்ஹாக்ஜொங்கைக் கட்டவைத்தார். 1922-ல் அது சாஜிக்-தோங்குக்கு இடம் மாறியது. படைக்கலை பொழுதுபோக்காக மாறித்தான் பிழைத்தது.

எங்கள் மண்டபச் சுவரில் 'ஜொங்கான்' என்று எழுதிய ஒரு பலகை இருக்கிறது, நுழைந்ததும் அதற்கு வணக்கம். ஆதிகாலத்து வழக்கம் என்று நான் நம்பினேன், ஊருக்குப் போனபோது அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். பழைய பதிவுகளில் அது இல்லை, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது என்று வாதிடும் மூத்த வில்லாளர்கள் இருக்கிறார்கள். வேறு ஊர் மண்டபம் ஒன்றில் இதற்காகவே ஒருவர் நுழைந்ததும் பலகைக்கு முதுகைக் காட்டாமல், வணங்காமல், நேராக வில்லெடுக்கப் போவதைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீ குடிக்கும்போது அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

எய்யும் முறையிலும் இதே சண்டை. அம்பு விட்டதும் வலக்கையைப் பின்னால் முழுசாக வீசி விரிப்பது ஒன்கக்ஜி. தோள் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வது பான்கக்ஜி. பழைய புகைப்படங்களில் இருப்பது முதலாவது. இன்று பெரும்பாலோர் செய்வது இரண்டாவது, அம்புகள் ஒன்றுபோல் போகும் என்பதால். எனக்குக் கற்றுத் தந்ததும் இரண்டாவதுதான். முன்கை மலையைத் தள்ளட்டும், பின்கை புலிவாலாகட்டும் என்று சொல்வார்கள். புலிவால் தோளோடு நின்றுவிடுமா என்று பெரியவரிடம் கேட்டேன். 'முதலில் குறிப்பலகையைத் தொடு, வாலைப் பற்றி அப்புறம் பேசுவோம்' என்றார்.

20 மே

'வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ப்பதில்லை. நான் முதலில் போன மண்டபத்தில் 'கொரிய மொழி நன்றாக வந்தபின் வாருங்கள்' என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் கதவு கதவுதான். பஸ் நிறுத்தம் வரை அழாமல் போனேன். அடுத்த இடத்தில் மண்டபத் தலைவர் என் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்து, வளையத்தின் அளவைச் சொல்லி, சனிக்கிழமை வா என்றார். சேர்க்கைக் கட்டணமும் மாதச் சந்தாவும் இடத்துக்கு இடம் மாறும், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பெண்களை யோமுசா என்று அழைப்பார்கள், பெண் போர்வீரர் என்று பொருள். எங்களிடம் நாலு பேர் இருக்கிறோம்.

14 ஜூலை

மழைக்காலம். இன்று எய்யவில்லை, பெரியவரின் கொம்பு வில்லை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வைத்திருப்பது கேர்யாங்குங், கார்பனும் நாரிழையும் கலந்த புதுவகை. மழை வெயில் பார்க்காது. அவருடையது காக்குங். உள்ளே மூங்கில், முசுக்கட்டை மரம், வெளிப்புறம் மாட்டின் தசைநார், உட்புறம் எருமைக் கொம்பு. எல்லாவற்றையும் ஒட்டுவது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை. குளிர்காலத்தில்தான் செய்வார்கள். ஈரக்காற்று பட்டால் பசை இளகி வில் சொன்ன பேச்சு கேட்காது, அதனால் கதகதப்பான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

பெட்டியிலிருந்து எடுத்தபோது நாண் இல்லாமல் வளையல்போல் எதிர்ப்பக்கம் சுருண்டு கிடந்தது. மின்னடுப்பின் மேல் முன்னும் பின்னும் காட்டிச் சூடாக்கினார். உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அம்மா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோல் கணக்காக. பிறகு தொடைமேல் வைத்து இரு முனையையும் தன்பக்கம் வளைத்தார், என்னை நாணை மாட்டச் சொன்னார். மாட்டியதும் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்த்தார். வில்லின் மேல்பாதி ஒரு நெல் அளவு வலப்பக்கம் திரும்பியிருந்தது. அதைத் திரும்பச் சூடாக்கி, அழுத்தி, பார்த்து, அழுத்தி. நாற்பது நிமிடம். பிறகு வெளியே மழையைப் பார்த்தார், நாணை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தார்.

கொரியாவில் எருமை கிடையாது. இந்தக் கொம்புக்காக 15-ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ தீவரசிடமிருந்து எருமைகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், தேவை தீரவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் படுத்துக் கிடக்குமே, அதன் கொம்பு இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரியவருக்குப் போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு 'இத்தனையா' என்றார்.

29 ஜூலை

வாழ்த்தியவர்களுக்கு நன்றி, ஆனால் பாரிஸில் நேற்று ஜெயித்தது யாங்குங். பெண்கள் குழு 1988 முதல் ஒரு ஒலிம்பிக் விடாமல் பத்தாவது தங்கம், சீனாவுடன் கடைசி அம்பு வரை இழுத்துவிட்டது. எங்கள் மண்டபத்திலும் எல்லோரும் ஒரே டிவி முன்னால் இருந்தோம். நாட்டு வில்லில் இருந்து இந்தத் திறமை நேராக வந்தது என்று எழுதாதீர்கள். அது பள்ளிக்கூடத்திலிருந்தே தேடிப் பிடித்து வளர்க்கிற வேறு உழைப்பு, அந்தப் பெருமை அந்தப் பெண்களுக்கே.

13 அக்டோபர்

முன்பு ஒருவருக்குத் தனிச்செய்தியில் தவறாகச் சொல்லிவிட்டேன், திருத்துகிறேன். ஐந்துக்கு ஐந்தும் படுவது மோல்கி. முதல் மோல்கி போட்டவரை ஜொப்ஜாங் என்று அழைப்பார்கள். அது மண்டபத்து மரியாதை, தகுதி நிலை அல்ல. தகுதி நிலைக்குத் தனித் தேர்வு, 9 சுற்று, 45 அம்பு. ஐந்தாம் நிலையிலிருந்து கொம்பு வில்லும் மூங்கில் அம்பும்தான் செல்லும்.

நான் இன்னும் ஜொப்ஜாங் ஆகவில்லை. இன்று நாலு பட்டது. பலகைக்குப் பக்கத்தில் விளக்கு நாலு தடவை எரிந்தது. ஐந்தாவது அம்பு போய்ச்சேர மூன்று நொடி ஆகும், அதில் இரண்டாவது நொடியிலேயே தெரிந்துவிட்டது, மேலே போகிறது. படவில்லை என்றால் காரணத்தை உன்னிடம் தேடு என்பது இங்கே பல மண்டபங்களில் எழுதியிருக்கும். தேடினேன். நாலாவது பட்டதும் மூச்சை மார்பில் வைத்துவிட்டேன், வயிற்றில் இல்லை.

பெரியவர் கோடையில் மருத்துவமனையில் இருந்து வந்தார். இப்போது லேசான வில்லுக்கு மாறிவிட்டார், அம்பு பலகைக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே புல்லில் இறங்குகிறது. ஐந்தும் அப்படித்தான். முதல் அம்புக்கு முன்னால் அவர் 'வில் கற்கிறேன்' என்றபோது நான் பதில் சொல்ல மறக்கவில்லை.

1 டிசம்பர்

தம்பி, குக்கிவொன் பயிற்சிக்கு ஏப்ரலில் வருவதாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். சோலிலிருந்து டேஜோனுக்கு வேகரயிலில் ஒரு மணி நேரம்தான். ஞாயிறு காலை வாருங்கள், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். எய்ய விடமாட்டார்கள், வெறும் வில்லை இழுத்துப் பார்க்கலாம். மோதிரம், வாட்சைக் கழற்றிவிடுங்கள், தொளதொள சட்டை வேண்டாம், நாணில் சிக்கும். கோட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது பேச வேண்டாம், போனையும் அணைத்துவிடுங்கள். சுற்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து அம்பு பொறுக்கப் போவோம், அதற்கு உங்களையும் கூட்டிப்போகிறேன். பெரியவரின் அம்புகள் புல்லில் இருக்கும், இறகுப் பக்கம் பிடித்து இழுக்காமல் முனைப் பக்கமாகப் பிடித்து எடுங்கள்.